மருந்து உண்ணும் நெறி

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யுமிடத்து, மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அம்மருந்தை அருகிலிருந்து அளித்துப் பேணும் துணைவன் என்பன அந்நான்கு. முதல் மூன்றையும் பற்றி உலகம் நிறையப் பேசியுள்ளது. நோயின் கொடுமையை எழுதியவர் பலர்; மருத்துவரின் திறமையைப் புகழ்ந்தவர் பலர்; புதிய மருந்தொன்று கண்டுபிடிக்கப்பட்டால் செய்தித்தாள்கள் அதை முதற்பக்கத்தில் இடுகின்றன. நான்காவதாக வரும் துணைவனைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே.

ஆயினும் அத்துணைவனின் பெருமையை நம் வீடுகள் அறியாதவை அல்ல. நாட்டு வைத்தியர் சூரணம் ஒன்றைக் கொடுத்தால், அத்துடன் அவர் பேச்சு முடிவதில்லை. தேனில் குழைத்து உண்பதா, பாலில் கலந்து உண்பதா என்று அனுபானம் சொல்வார். புளியைத் தள்ள வேண்டுமா, உப்பைக் குறைக்க வேண்டுமா என்று பத்தியம் சொல்வார். காலையா, மாலையா என்று வேளை சொல்வார். அரை மண்டலமா, ஒரு மண்டலமா என்று நாள் சொல்வார். வீட்டிலுள்ள பாட்டியார் இவை அனைத்தையும் நினைவில் வைத்து, நோயாளி முகம் சுளித்தாலும் விடாமல் நடத்தி வைப்பார். மருந்து உண்பதற்கு ஒரு நெறி உண்டென்பதும், அந்நெறியைக் காக்க ஒருவர் உடனிருக்க வேண்டுமென்பதும் நாம் நெடுங்காலமாக அறிந்தவையே.

இந்த எளிய உண்மையை நவீன மருத்துவம் அளந்தும் கணக்கிட்டும் நிறுவிய இடங்களுள் தலையாயது சென்னை. சேத்துப்பட்டில் 1956ஆம் ஆண்டு தொடங்கிய காசநோய் ஆய்வையே இங்குக் குறிப்பிடுகிறோம். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் இன்று குடியேறி வாழும் நம்மில் பலர், ஊருக்குச் செல்லும்போது அவ்வழியே நடந்திருப்போம். அங்கு நிகழ்ந்தது யாது, அதனால் உலகம் கற்றது யாது என்பதை அறிந்தோர் மிகுதியாக இல்லை. ஆகவே அவ்வரலாற்றைச் சிறிது விரிவாகக் காண்போம்.

காசநோயைக் க்ஷயரோகம் என்றும் எலும்புருக்கி என்றும் நம் மக்கள் வழங்கினர். உடலை உள்ளிருந்து உருக்கித் தீர்க்கும் நோய் என்பது அப்பெயரின் பொருள். ஒரு குடும்பத்தில் இந்நோய் புகுந்தால், அச்செய்தியை அண்டை வீட்டாரிடமிருந்தும் மறைத்தனர். அவ்வீட்டில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்கினர். 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்ததாக ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் பெர்லினில் அறிவித்தார். காரணம் புலப்பட்டது, ஆனால் கிருமியைக் கொல்லும் மருந்து கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தில் மருத்துவர்கள் நம்பியது மூன்றினை: தூய காற்று, ஊட்டமான உணவு, முழு ஓய்வு. இவற்றை அளிப்பதற்கென்றே சானடோரியம் என்னும் இல்லங்கள் எழுந்தன. நம் நாட்டில் 1906இல் அஜ்மீருக்கு அருகே திலோனியாவில் கிறித்தவ சமயத் தொண்டர்கள் ஒன்றை நிறுவினர். மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரம் தோன்றியது. சென்னையை அடுத்த தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928இல் தொடங்கிய சிறு மருத்துவமனை, பிற்காலத்தில் அங்குள்ள ரயில் நிலையத்துக்கே 'தாம்பரம் சானடோரியம்' என்னும் பெயரை நல்கிற்று. இவ்வில்லங்களில் நோயாளிகள் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் தங்கினர். வசதியுடையோர்க்கு இது இயன்றது. அன்றாடக் கூலியை நம்பிய குடும்பத்துக்கு இது எட்டாக் கனி.

நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் குழு 1946இல் தன் அறிக்கையை அளித்தது. இந்தியாவில் ஏறத்தாழ 25 லட்சம் காசநோயாளிகள் இருப்பதாகவும், ஆண்டுதோறும் 5 லட்சம் பேர் இறப்பதாகவும் அக்குழு மதிப்பிட்டது. இத்தனை பேருக்கும் நாடெங்கும் இருந்த படுக்கைகள் ஏறத்தாழ 6,000 மட்டுமே. ஓராண்டில் இறப்பவர்களுள்ளும் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர்க்கே படுக்கை உண்டு என்பதை இக்கணக்கு காட்டிற்று.

இதே காலத்தில் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1943இல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். 1946இல் சுவீடனில் லேமன் என்பார் பாஸ் என்னும் மருந்தின் பயனை வெளியிட்டார். 1952இல் ஐசோநியாசிட் வந்தது. இப்பொருள் 1912லேயே பிராகு நகரில் தயாரிக்கப்பட்டு, அதன் ஆற்றலை அறிவார் எவருமின்றி நாற்பது ஆண்டுகள் கிடந்தது. விலையும் குறைவு, வாய்வழியே உட்கொள்ளவும் எளிது என்பதால் ஏழை நாடுகளின் நம்பிக்கை முழுவதும் ஐசோநியாசிடைச் சுற்றிப் படர்ந்தது.

எனினும் ஓர் இடர் முதலிலேயே தெரிய வந்தது. ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்தால் நோயாளி சில வாரங்களில் தேறுகிறார். பின்னர் மீண்டும் வீழ்கிறார். கிருமிகளுள் அம்மருந்துக்கு அடங்காத சில பிழைத்துப் பெருகுவதே இதற்குக் காரணம். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றுக்குத் தப்பிய கிருமியை மற்றொன்று அழிக்கும். ஆனால் இரண்டையும் ஓராண்டு இடைவிடாது உட்கொள்ள வேண்டும். நடுவில் நிறுத்தினாலோ, இரண்டனுள் ஒன்றைத் தள்ளினாலோ, மருந்துக்கு அடங்காத கிருமியை நோயாளி தம் உடலிலேயே வளர்த்தவராவார். அவர் இருமும்போது பிறருக்குச் சேர்வதும் அக்கிருமியே.

ஆக 1950களின் நடுவில் நம் நாட்டின்முன் நின்ற கேள்வி மிகத் தெளிவானது. படுக்கைகள் இல்லை, மருந்துகள் உண்டு. நெரிசலான தெருவில், ஒற்றை அறையில், அரை வயிற்று உணவோடு வாழும் ஒருவர், தம் வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடைய இயலுமா? அவ்வாறு இருப்பதால் மனைவி மக்களுக்கு நோய் தொற்றாதா? இயலும் என்றால் லட்சக்கணக்கானோர் பிழைப்பர். இயலாது என்றால் படுக்கை கட்டி முடியும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டும். அவர்களுள் பெரும்பாலோர்க்குக் காத்திருக்கக் காலம் இல்லை.

இக்கேள்விக்கு விடை காண இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூடின. ஆரோக்கியவரத்தில் நெடுங்காலம் பணியாற்றிப் பின்னர் மத்திய அரசின் காசநோய் ஆலோசகரான டாக்டர் பி. வி. பெஞ்சமின் இம்முயற்சிக்கு ஊக்கமளித்தவர்களுள் ஒருவர். சேத்துப்பட்டு ஸ்பர் டாங்க் சாலையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் 1956இல் தொடங்கிற்று. பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வை வழிநடத்தினார். தேவதத்தா, ராமகிருஷ்ணன், புள்ளியியல் அறிஞர் ராதாகிருஷ்ணா முதலிய நம் நாட்டவர் அதன் தூண்களாக நின்றனர்.

ஆய்வின் அமைப்பு எளியது. சென்னை நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, நோய் நன்கு முற்றிய நோயாளிகள் இருநூற்றுக்கும் குறைவானோர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எவர் சானடோரியத்துக்குச் செல்வது, எவர் வீட்டில் இருப்பது என்பதை மருத்துவரும் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் முறையே தீர்மானித்தது. நோய் குறைந்தவர்களை ஒரு பக்கமும் மிகுந்தவர்களை மறுபக்கமும் சேர்த்துவிடும் குறை இதனால் நீங்கிற்று. இரு சாராருக்கும் மருந்து ஒன்றே: ஐசோநியாசிடும் பாஸும், நாள்தோறும், பன்னிரண்டு மாதங்கள்.

1959இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டின் இறுதியில், சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 விழுக்காட்டினரும் வீட்டில் இருந்தவர்களில் 86 விழுக்காட்டினரும் கிருமி அடங்கிய நிலையை எய்தியிருந்தனர். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது இச்சிறு வேறுபாடும் மறைந்து, இரு சாராரும் ஏறத்தாழச் சமமாகவே நின்றனர். வீட்டில் இருந்தோர் சானடோரியத்தில் இருந்தோரைக் காட்டிலும் மிகக் குறைவாகவே உண்டனர், மிகுதியாக உழைத்தனர், காற்றோட்டமற்ற அறைகளில் உறங்கினர். அப்படியிருந்தும் குணமடைந்தனர். அவர்களுடன் வாழ்ந்த குடும்பத்தினரும், சானடோரியத்துக்குச் சென்றவரின் குடும்பத்தினரைவிட மிகுதியாக நோயுறவில்லை. குடும்பத்தினருக்கு நேரும் ஆபத்தின் பெரும்பகுதி, நோய் கண்டறியப்பட்டுச் சிகிச்சை தொடங்குவதற்கு முன்னரே நேர்ந்துவிடுகிறது என்பது விளங்கிற்று.

அரை நூற்றாண்டாக மருத்துவ உலகம் போற்றி வந்த ஒரு கொள்கையை இம்முடிவு அசைத்தது. மலைக்காற்றும் படுக்கையும் இல்லாமலே மருந்து தன் கடமையைச் செய்யும். வறிய நாடுகள் மட்டுமின்றிச் செல்வ நாடுகளும் தம் சானடோரியங்களை ஒவ்வொன்றாக மூடலாயின. பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறத்தக்க இந்நிகழ்ச்சி, நம் தலைநகரொன்றின் எளிய தெருக்களில் நிகழ்ந்தது.

இனி நாம் வரவேண்டிய இடத்துக்கு வருகிறோம். வீட்டில் இருந்தவர்கள் மருந்தை உண்மையாகவே உட்கொண்டனரா? ஆய்வாளர்கள் இதை நோயாளியின் சொல்லை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை. மையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்றனர். எஞ்சியுள்ள மருந்தை எண்ணினர். சிறுநீரைப் பெற்றுச் சோதித்தனர். பாஸ் உட்கொண்டவரின் சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடு சேர்த்தால் நிறம் செவ்வூதாவாக மாறும். உட்கொள்ளாதவருடையதில் அம்மாற்றம் தோன்றாது. இச்சோதனைகளின் பயனாகத் தெரிந்தது யாதெனில், மருந்தைப் பெற்றுச் செல்வது வேறு, உண்பது வேறு என்பதே. பலர் முறையாக உண்டனர். சிலர் இடையிடையே விட்டனர். வேறு சிலர் பல நாட்கள் தொடர்ந்து விட்டனர். மருந்தை நோயாளி தாமே உட்கொள்வதில் உள்ள சிக்கலைப் பற்றி ஃபாக்ஸ் 1958லேயே தனிக் கட்டுரை ஒன்று எழுதினார்.

அவர்கள் ஏன் விட்டனர் என்பதை எண்ணிப் பார்ப்போம். பாஸ் நாளொன்றுக்குப் பல கிராம் அளவில் உண்ணவேண்டிய மருந்து. வயிற்றைப் புரட்டும், குமட்டலை உண்டாக்கும். இரண்டு மாதத்தில் இருமல் நிற்கிறது, காய்ச்சல் தணிகிறது, உடல் எடை கூடுகிறது. நோய் போய்விட்டதென்று மனிதன் எண்ணுவது இயல்பே. கூலி வேலைக்குச் செல்பவர் மருந்து வாங்க ஒரு நாளை இழந்தால் அன்றைய அடுப்பு எரியாது. திருமணமாகி வந்த பெண் தன் நோயை மாமியார் அறியாமல் மறைக்க, மருந்தையும் மறைக்க நேரும். இவற்றுள் எதையும் சோம்பல் என்றோ அறியாமை என்றோ ஒதுக்கிவிட முடியாது. படித்தவர் உண்பார், படியாதவர் விடுவார் என்று முகத்தைப் பார்த்துக் கணிக்கவும் இயலாது. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை உண்ணும் நம்மில் எத்தனை பேர் ஒரு வேளையும் தவறியதில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியும்?

சென்னை மையம் இதற்கு ஒரு வழி தேடிற்று. நாள்தோறும் உண்ணும் மருந்தை வாரம் இருமுறையாகக் குறைத்து, அவ்விருமுறையும் மையத்தின் ஊழியர் முன்னிலையில் கொடுத்தால் என்ன? ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் மிகுந்த அளவு ஐசோநியாசிடும் வாரம் இருமுறை அளித்துச் செய்த ஆய்வின் முடிவு 1964இல் வெளியாயிற்று. நாள்தோறும் தாமே மருந்துண்டவர்களுக்கு இம்முறையில் தேறியவர்கள் சற்றும் குறைந்தவர்களல்லர். வள்ளுவர் சொன்ன நான்காவது துணைவனுக்கு நவீன மருத்துவத்தில் முறையான இடம் கிடைத்தது இவ்வாறே.

இதே ஆண்டுகளில் பெங்களூரில் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. 1959இல் நிறுவப்பட்ட தேசிய காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் ஆராய்ந்தனர். நோயை அறியாத கிராமத்து மக்கள் மருத்துவமனைக்கு வருவதில்லை என்பது அதுகாறும் நிலவிய எண்ணம். ஆனால் நோயாளிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஏற்கெனவே சிகிச்சை தேடிச் சென்றிருந்தனர் என்பது ஆய்வில் தெரிந்தது. சென்றவர்களின் சளியைச் சோதிக்காமல், இருமல் மருந்துப் புட்டி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தனர். குற்றம் மக்களுடையது என்று கருதியிருந்தோர், அது சிகிச்சை அமைப்பினுடையதும் ஆகும் என்று 1963இல் அறிந்தனர். 1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் இவ்விரு நகரங்களின் அறிவையும் அடிப்படையாகக் கொண்டது. ஆனால் ஆய்வு மையத்தில் வீடு தேடிச் சென்ற ஊழியர் மாவட்டந்தோறும் கிடைத்தாரல்லர். மருந்து இருப்பும் பல இடங்களில் நிலையாக இல்லை. தொடங்கியவர்களுள் பலர் முடிக்கவில்லை.

ரிஃபாம்பிசின் வந்தபின் ஓராண்டுச் சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கிற்று. 1990களில் உலக சுகாதார நிறுவனம், ஒருவர் நேரில் பார்க்க மருந்து உண்பிக்கும் முறையை உலகெங்கும் பரப்பியது. சென்னையில் முளைத்த விதை வெளிநாடு சென்று மரமாகி, 1997இல் 'டாட்ஸ்' என்னும் பெயரோடு நம் நாட்டின் திட்டமாகத் திரும்பி வந்தது. 2006க்குள் அது நாடு முழுவதும் பரவிற்று. தொடங்கியவர்களுள் முடித்தவர்களின் எண்ணிக்கை பெரிதும் உயர்ந்தது.

ஆனால் வரலாறு அத்துடன் நிற்கவில்லை. அன்பினால் உடனிருப்பதற்கும் ஐயத்தினால் காவல் இருப்பதற்கும் வேறுபாடு உண்டு. வேலையை விட்டு வாரம் மும்முறை மருந்தகத்துக்கு வந்து, பிறர் கண்முன் விழுங்கிக் காட்டவேண்டிய நிலை பலருக்கு அவமானமாயிற்று. அண்டை அயலார் அறிந்துவிடுவரோ என்ற அச்சமுமாயிற்று. வாரம் மும்முறை உண்ணும் முறையிலும் குறை காணப்பட்டது. எச்.ஐ.வி. தொற்றும் உடைய காசநோயாளிகளுக்கு நாள்தோறும் உண்பதே நலம் என்பதைத் தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வொன்று காட்டிற்று. இந்த ஆய்வை நடத்தியதும் சேத்துப்பட்டு நிறுவனமே. 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று வழங்கும் அந்நிறுவனம், தான் காட்டிய வழியைத் தானே திருத்தவும் தயங்கவில்லை. 2017இல் நாடு முழுவதும் நாள்தோறும் மருந்துண்ணும் முறை மீண்டும் வந்தது. பல மருந்துகளை ஒன்றாக்கிய மாத்திரை, நோயாளியின் எடைக்கேற்ப அளிக்கப்படலாயிற்று.

நாள்தோறும் என்றால் வீட்டில்தான் உண்ணவேண்டும். வீட்டில் என்றால் பழைய கேள்வி மீண்டும் எழுகிறது. இக்காலத்தார் அதற்குத் தொலைபேசியைத் துணைக்கழைத்தனர். மாத்திரையைப் பிதுக்கி எடுத்ததும் உறையின் உட்புறத்தில் ஓர் எண் தெரியும்; அவ்வெண்ணுக்குக் கட்டணமின்றி அழைப்பு விடுத்தால் அன்றைய மருந்து உண்டதாகப் பதிவாகும். சென்னை, வேலூர், மும்பை ஆகிய ஊர்களில் இதனைச் சோதிக்க முற்பட்டோர், முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று சிறுநீரைப் பரிசோதித்தனர். அழைத்தவரெல்லாம் உண்டவரல்லர், உண்டவரெல்லாம் அழைத்தவருமல்லர் என்பது 2020இல் வெளியான அம்முடிவு. அறுபது ஆண்டுகளுக்கு முன் சென்னையின் தெருக்களில் நடந்த அதே சோதனை, கருவி மாறிய பின்னும், மனித இயல்பு மாறாததைக் காட்டிற்று.

உணவைப் பற்றிய அறிவும் முழுமை பெற்றது. மருந்து முறையாக உண்டவர் குறைந்த உணவிலும் குணமடைந்தார் என்ற பழைய முடிவைக் கொண்டு, உணவு ஒரு பொருட்டன்று என்று கருதிவிடக் கூடாது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வொன்றில், நோயாளியின் குடும்பத்தினருக்குக் கூடுதல் தானியமும் பருப்பும் பிற சத்துப்பொருள்களும் அளிக்கப்பட்டன. அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. மருந்து நோயாளியைக் காத்தது. உணவு அவரைச் சூழ்ந்தோரைக் காத்தது. நோயாளிகளுக்கு ஊட்ட உணவுக்கென மாதம் 500 ரூபாய் வழங்கும் அரசுத் திட்டம் 2018இல் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. நம் பெரியோர் மருந்தையும் பத்தியத்தையும் ஒருசேரச் சொன்னதை இங்கு நினைவுகூரலாம்.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். 2023ஆம் ஆண்டில் உலகில் காசநோயுற்றவர்களுள் நூற்றுக்கு 26 பேர் இந்தியர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. எண்ணிக்கையில் ஏறத்தாழ 28 லட்சம். மருந்துக்கு அடங்காத காசநோய் நம் பெருநகரங்களில் பரவியுள்ளது. அதற்கென 2024இல் அரசு ஏற்றுக்கொண்ட புதிய நால்வகை மருந்துச் சிகிச்சை, முன்பு இருபது மாதம் வரை நீண்டதை ஆறு மாதமாகக் குறைத்திருக்கிறது. அருமருந்து எனலாம். ஆனால் அதையும் இடையில் நிறுத்துவோர் பெருகினால், இன்றைய அருமருந்தும் நாளை பயனற்றுப் போகும்.

இந்நிலையில் நான்காவது துணைவனாக நம் கண்முன் நிற்பவருள் ஒருவர் மருந்தாளுநர். ஒரு காலத்தில் கம்பவுண்டர் என்று அழைக்கப்பட்ட அவர், மருத்துவர் எழுதியதைக் கலக்கிப் புட்டியில் ஊற்றி, வேளைக்கு அடையாளமாகக் காகிதத்தை வெட்டி ஒட்டிக் கொடுத்தார். 1948ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டம் அத்தொழிலுக்குக் கல்வியும் பதிவும் வகுத்தது. 2008இல் தொடங்கிய ஆறாண்டுப் பட்டப்படிப்பு, மருந்தாளுநரை நோயாளியின் படுக்கையருகே அழைத்துச் சென்றது. பதிவுபெற்ற மருந்தாளுநர் மருந்துச்சீட்டை ஆராய்ந்து நோயாளிக்கு அறிவுரை கூறவேண்டும் என்பதை 2015ஆம் ஆண்டின் விதிகள் அவர் கடமையாக்கின. காசநோய் மருந்துகளைச் சீட்டின்றி விற்கலாகாது; விற்றால் பெயரும் அளவும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்கவேண்டும் என்பது 2014 மார்ச்சு முதல் நடைமுறை. அத்தகைய நோயாளியை அரசுக்கு அறிவிப்பது மருந்துக்கடையின் பொறுப்பும் ஆகும் என 2018இல் ஆணை பிறந்தது.

சட்டம் சொல்லும் இக்கடமைகள் கடைமேசையில் எவ்வாறு உருப்பெறுகின்றன என்பதே முக்கியம். ரிஃபாம்பிசின் உண்டால் சிறுநீர் செம்மஞ்சளாகும். இதை முன்னரே சொல்லாவிடில், இரத்தம் போகிறதென்று அஞ்சி நோயாளி மருந்தை நிறுத்துவார். அம்மருந்து வேறு சில மருந்துகளின் ஆற்றலைக் குறைக்கும். கருத்தடை மாத்திரையும் அவற்றுள் ஒன்று. ஐசோநியாசிட் சிலருக்குக் கைகால் மரமரப்பைத் தரும். பைரிடாக்சின் என்னும் வைட்டமின் அதைத் தடுக்கும். கண் மஞ்சளித்தால் காத்திராமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். இந்த நான்கு செய்திகளைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் கிடைக்காமையால் கைவிடப்பட்ட சிகிச்சைகள் எத்தனை என்பதை எந்தப் பதிவேடும் காட்டாது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. நோயாளிக்கு விளங்கும் மொழியில் சொல்லப்படாத அறிவுரை, சொல்லப்படாததே ஆகும். மும்பையின் தாராவியிலோ தில்லியின் புறநகர் ஒன்றிலோ கட்டட வேலை செய்யும் தமிழர் ஒருவருக்கு, உறையில் அச்சிட்ட ஆங்கிலமும் புரியாது. கடைக்காரர் விரைந்து சொல்லும் இந்தியும் மராத்தியும் பாதியே புரியும். 'சாப்பாட்டுக்கு முன்' என்பது 'பின்' என்று மாறினாலும் அவர் அறியார். மொழியைத் தொழிலாகக் கொண்ட நாம் அலுவலகத்தில் எத்தனையோ அறிக்கைகளைத் தமிழாக்குகிறோம். அண்டை வீட்டாரின் மருந்துச்சீட்டை ஒரு முறை உரக்கப் படித்து விளக்குவது, அவற்றுள் பலவற்றைக் காட்டிலும் பயனுள்ள மொழிபெயர்ப்பாக இருக்கக்கூடும்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். வேலை தேடி ஊர்விட்டு ஊர் செல்வோரின் சிகிச்சை, ரயிலேறும் நாளில் அறுந்துபோவது வழக்கம். இன்று காசநோயாளி ஒவ்வொருவருக்கும் 'நிக்ஷய்' என்னும் பதிவில் ஓர் எண் உண்டு. எந்த மாநிலத்தில் தொடங்கிய சிகிச்சையாயினும், வேறு மாநிலத்து அரசு மருத்துவமனையில் அவ்வெண்ணைக் காட்டித் தொடரலாம். மருந்துக்குக் கட்டணம் இல்லை. பொங்கலுக்கு ஊர் செல்பவரும், ஊரிலிருந்து வேலைக்கு வருபவரும் உடைமைகளோடு அவ்வெண்ணையும் எடுத்துச் செல்வது நலம். இதை அறியாத தமிழர் நம் குடியிருப்பில் ஒருவர் இருப்பினும், அவருக்குச் சொல்லும் கடமை நம்முடையது.

சேத்துப்பட்டு ஆய்வு நமக்குச் சொல்வது இதுவே. குணமடைய மாளிகை வேண்டியதில்லை, மலைக்காற்று வேண்டியதில்லை. முறையான மருந்தும், அதை இறுதிநாள்வரை உண்ணும் உறுதியும், அவ்வுறுதி தளரும் நாளில் அருகில் நிற்கும் ஒருவரும் வேண்டும். அந்த ஒருவர் மருந்தாளுநராக இருக்கலாம், சுகாதார ஊழியராக இருக்கலாம், அடுத்த வீட்டுக்காரராகவும் இருக்கலாம். உறவினர் அருகில்லாத வெளியூரில் வாழும் நாம், ஒருவருக்கொருவர் அந்த நான்காவது துணையாக இருப்போமாக.